நேர் இணைப்பு

"என் இதயம் இந்த சிடிக்குள்ள இருக்கு மாப்ளே. நெஞ்சுல ஓடிக்கிட்டிருக்கறது வெறும் ஸ்பேர்" என்றார் அத்தான்.

கட்டிலுக்கடியில் தலையை விட்டு ஒயர் தேடிக்கொண்டிருந்த செக்கருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மண்டை கட்டில் சட்டத்தில் மோதும் என்பதால் அடக்கிக்கொண்டார்.

"ஸ்பேருக்கும் வாரன்டி முடிஞ்சிருச்சுன்னு காலையில டாக்டர் சொல்லிட்டுப் போனாரே."

"இன்னிக்கோ நாளைக்கோன்னாரு. அதுக்குள்ளயாவது நீ அந்த ஒயரைக் கண்டுபிடிப்பியா?"

டாக்டர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அத்தான் காது லேசுப்பட்ட காதா? பக்கத்துத் தெருவில் யாராவது ஊசியைக் கீழே போட்டால் அது தையல் ஊசியா, கோணி ஊசியா என்று சொல்லிவிடும். உடம்பின் மற்ற உறுப்புகளெல்லாம் ஒவ்வொன்றாக ராஜினாமா கொடுத்துவிட்ட பிறகும் அது மட்டும் பணிநீட்டிப்பில் இருந்தது.

செக்கர், அத்தானின் மனைவியான அக்காவுக்குத் தம்பி. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் பட்டப்பெயர் போகவில்லை, சந்தேகமும் போகவில்லை. அவர் கேட்காத பொய் உலகத்தில் கிடையாது. டிக்கெட்டை ஆடு தின்றுவிட்டது என்றவர்கள் உண்டு. அந்த ஆட்டையே கூட்டிவந்து சாட்சிக்கு நிறுத்தியவர்களும் உண்டு. ஆட்டின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு அபராதம் போட்டவர் செக்கர்.

அப்படிப்பட்ட ஆளிடம்தான் அத்தான், அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து இந்த இதயக் கதையை விற்றுக்கொண்டிருந்தார். ஒரு தடவையும் போணியாகவில்லை.

கதை இதுதான். அத்தான் இளவயதில் ஒரு பெரிய இசை அரங்கத்தில் எலக்ட்ரீஷியன். ஒரு நாள் மாலை அங்கே ஒரு வயலின் மேதையின் நிகழ்ச்சியைப் பதிவு செய்தார்கள். தொடங்கும் நேரத்தில் மைக் தாங்கியின் அடிப்பகுதி உடைந்துபோனது. மாற்றுத் தாங்கி இல்லை. அத்தான் கறுப்புத் திரைக்குப் பின்னால் மண்டியிட்டு, திரையின் இடுக்கு வழியாக அந்த இரும்புக் கம்பியை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒரு முழுப் பாட்டுக்கும் சிலையாக இருந்தாராம். அவருடைய இதயத் துடிப்பு கம்பியில் ஏறி, மைக்கில் நுழைந்து, பதிவில் விழுந்து, பிற்பாடு சிடியாகவும் வந்துவிட்டதாம்.

அதோடு விட்டாரா? "பாட்டு பாதியில உங்க அக்கா உள்ள வந்தா. அப்பதான் மொதல்மொதலா பாக்கறேன். அந்த இடத்துல கேட்டுப் பாரு, தடதடன்னு ஓடும்" என்பார்.

அன்றைக்கு அக்கா தாமதமாக உள்ளே போனது உண்மை. கூடப் போனவர் செக்கர். இருக்கை எண் விஷயமாக அவர் வாயிற்காப்போனிடம் மல்லுக்கு நின்றதால்தான் தாமதமே. ஆனால் திரைக்குப் பின்னால் கம்பியைக் கட்டிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியனை அவர் பார்க்கவில்லை. கண்ணால் பார்க்காத டிக்கெட்டில் அவர் கிறுக்கியதே இல்லை.

"வயலின்காரர் காலால தாளம் தட்டியிருப்பாரு அத்தான்" என்பார். அத்தோடு பேச்சு முடியும், அடுத்த தடவை தொடங்கும்வரை.

முதலில் அந்தத் துடிப்பு யாருக்காவது கேட்டால்தானே, அது காலா இதயமா என்று சண்டை போட முடியும்? அத்தானுக்குத் தவிர எவருக்கும் கேட்டதில்லை. பழைய செட்டில் வயலினே ஜலதோஷம் பிடித்ததுபோல்தான் வரும். "நடுவுல இருக்கற பெட்டிதான் காரணம்" என்று அத்தான் கண்டுபிடித்தார். எல்லார் வீட்டிலும் சிடி பிளேயருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் ஒரு பெட்டி இருக்கும். சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அதன் வேலை. அத்தான் அதற்கு வைத்த பெயர் இடைத்தரகர். "தரகன் கை படாம சரக்கு வந்து சேந்ததா சரித்திரமே இல்ல. பிளேயரை நேரா ஆம்ப்ளிஃபையர்ல குடுக்கணும்."

நேராகக் கொடுக்கத் தகுந்த பிளேயரைத் தேட ஆரம்பித்தார். ஒரு குழந்தை பிறந்து, படித்து, வேலைக்குப் போய், முதலாளியோடு சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வரும் காலம் அவர் தேடினார். கடையிலிருந்து கேட்டுப் பார்க்க வந்த பெட்டிகளையெல்லாம் குறை சொல்லித் திருப்பினார். ஒன்றுக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒன்று மூக்கால் பாடியது. இன்னொன்றில் வயலின்காரர் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தார். ஆம்ப்ளிஃபையர்கள் இரண்டும் எப்போதோ வந்து, கூடத்தில் காவல்காரர்களைப் போல் உட்கார்ந்துவிட்டன. ஒவ்வொன்றும் இரும்பு அலமாரிக் கனம். தூக்கிவந்த இரண்டு பேரில் ஒருவர் அதற்கப்புறம் பூக்கடை வைத்துவிட்டதாகக் கேள்வி.

கடைசியில் இரண்டு பிளேயர்கள் மிஞ்சின. ஒன்று வெள்ளி நிறம், ஒன்று கறுப்பு. இன்று பொழுது சாய்வதற்குள் கடைக்காரர் வந்து வேண்டாததைத் திருப்பி எடுத்துக்கொள்வார்.

நேற்று வெள்ளியைப் போட்டுப் பார்த்தாயிற்று. அதற்குள்ளேயே சத்தத்தைக் குறைக்கும் வசதி உண்டு. நேராகக் கொடுத்தாலும் ஆபத்தில்லை. தேனாகப் பாடியது. இதயத்தைத்தான் காணோம். "கொறைக்கும்போது பெரிய சத்தத்தை விட்டுட்டு சின்னதையெல்லாம் மொதல்ல தின்னுடுது" என்று அத்தான் முணுமுணுத்தார். செக்கர் நேற்று பூராவும் கேலி செய்து தீர்த்துவிட்டார்.

கறுப்பு வேறு ஜாதி. சத்தத்தைக் குறைக்கும் வழியே அதில் கிடையாது. இடைத்தரகரோடு சேர்த்துப் போடத்தான் அதைச் செய்திருந்தார்கள். நேராகக் கொடுத்தால் அணையின் மதகை முழுக்கத் திறந்துவிட்ட மாதிரி. கடைக்காரர் அதைக் கொண்டுவந்து வைத்தபோதே கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லியிருந்தார்: "சார், இதை மட்டும் நேரா மாட்டிடாதீங்க. ஸ்பீக்கர் போயிடும்."

செக்கர் கட்டிலுக்கடியில் தேடிக்கொண்டிருந்தது கறுப்புக்கான ஒயரைத்தான்.

ஒயரோடு வெளியே வந்தபோது சமையலறை வாசற்படியில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கையில் பால் தம்ளர்.

"உள்ள வாடா கொஞ்சம்."

சமையலறையில் அவள் தம்ளரை மேடையில் வைத்தாள். வைத்த வேகத்தில் பாதிப் பால் வெளியே வந்தது.

"டாக்டர் என்ன சொன்னாரு? திடீர்னு ஒரு சத்தம் கூடாதுன்னாரா இல்லையா? கதவைச் சாத்தறதுக்குக்கூட நான் துணி சுத்தி வச்சிருக்கேன். நீ என்னடான்னா ஒயரைத் தூக்கிக்கிட்டு அலையற."

"பாட்டு தொடக்கத்துல வயலின் மட்டும்தான்க்கா. முணுமுணுன்னு இருக்கும். முழுசா திறந்து விட்டாலும் ஒண்ணும் ஆகாது."

"அப்புறம்?"

அப்புறம் என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியும். வயலின் அடங்கியதும் ஆறு முரசுகள் ஒன்றாக இடிக்கும். அன்றைக்கு அரங்கத்தில் முன்வரிசையில் இருந்த ஒருவரின் மூக்குக்கண்ணாடி மூன்றாவது வரிசையில் கிடைத்ததாக அத்தான் சொல்வார்.

"முரசு வர்றதுக்கு முன்னாடி நிறுத்திடுவேன்."

"எப்ப வரும்னு உனக்குத் தெரியுமா?"

"அவருக்குத் தெரியும்."

"ஊருக்கெல்லாம் முடியாதுன்னு சொன்னவன் நீ. பெத்த தாயே டிக்கெட் இல்லாம வந்தாலும் எறக்கி விட்டிருப்ப. இவர்கிட்ட ஒரே ஒரு தடவை முடியாதுன்னு சொல்லேண்டா."

அவளே கூடத்துக்குப் போனாள். செக்கர் பின்னாலேயே போனார். அத்தான் கட்டிலில் மூன்று தலையணைகளுக்கு மேல் சாய்ந்து, இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நட்டநடுவில் இருந்தார். அந்த இடத்தை அளந்து கட்டிலைப் போடவைத்ததும் அவர்தான்.

"ஏங்க, வேணாங்க" என்றாள் அக்கா. "வெள்ளியே நல்லாத்தானே இருக்கு."

அத்தான் ஒரு மூச்சுக்கும் இன்னொரு மூச்சுக்கும் நடுவில் காத்திருந்தார். சாதாரணமாக இப்படி ஒரு கேள்விக்கு அவரிடமிருந்து பத்து நிமிஷப் பிரசங்கம் வரும்.

"நேத்து வெள்ளில ஒண்ணும் கேக்கல இல்ல. அதுலேருந்து எனக்கே ஒரு மாதிரி இருக்கு" என்றார். "நானே அடிச்சு விட்டதா இருக்குமோ? சொல்லிச் சொல்லி அப்படி ஆயிடுச்சோ? தெரியல. தெரிஞ்சுக்கிட்டுப் போனா தேவலாம்."

செக்கருக்கு இது பிடிக்கவில்லை. அத்தான் அளப்பார், தான் மறுப்பார், அதுதான் ஏற்பாடு. அத்தானே சந்தேகப்பட ஆரம்பித்தால் செக்கருக்கு இந்த வீட்டில் என்ன வேலை?

அக்கா கணவரின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"நான் இங்க இருக்க மாட்டேன். எனக்கு அந்தத் தைரியம் கெடையாது. சமையல்ரூம்ல காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். முடிஞ்சதும் வந்து கூப்புடு" என்று தம்பியிடம் சொன்னாள். திரும்பிப் பார்க்காமல் போனாள்.

செக்கர் கறுப்புப் பெட்டியைக் கட்டிலோரத்து முக்காலியில் வைத்து, ஒயரை ஆம்ப்ளிஃபையர்களில் நேராகச் செருகினார். ரயில் ஓடும்போது பெட்டிக்குப் பெட்டி தாவிய கால்கள் அவருடையவை. ஒரு பிளக்கைச் செருக இரண்டு தடவை குறி தவறினார்.

"டிஸ்ப்ளேவை அணை" என்றார் அத்தான். "அந்த வெளிச்சம்கூட சத்தத்தைக் கெடுக்கும்."

"நேரம் பாத்து நிறுத்தலாம்னு இருந்தேன்."

"நேரம் பாக்கற ஆளுக்கு என்ன கேக்கும்? கண்ணை மூடு. இடது கையைக் குடு." அத்தான் தன் கையை அவர் மணிக்கட்டின் மேல் வைத்தார். காய்ந்த இலை விழுந்த மாதிரி இருந்தது. "வலது கை நிறுத்தற பட்டன்ல இருக்கட்டும். முரசுக்கு முன்னாடி வயலின் மூணு தடவை கீழ எறங்கும். மூணாவது எறக்கத்துல நான் ஒரு அழுத்து அழுத்துவேன். நீயும் அழுத்திடு."

"அழுத்த மறந்துட்டீங்கன்னா?"

"என் இதயம் இருக்கற எடத்தை நான் மறப்பனா?"

செக்கர் தட்டை உள்ளே தள்ளிவிட்டு, ஆம்ப்ளிஃபையர்களைப் போட்டார். ஸ்பீக்கர்களிலிருந்து மெல்லிய இரைச்சல், யாரோ சிரிப்பை அடக்குவதுபோல். கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினார்.

வயலின் வரவில்லை. முதலில் வந்தது அந்த அரங்கம். செக்கருக்கு அது எப்படி என்று சொல்லத் தெரியாது; ஆனால் கூடத்தின் சுவர்கள் நாலும் பின்வாங்கி, கூரை மேலே மேலே போய், தான் ஆயிரம் பேரோடு இருட்டில் உட்கார்ந்திருப்பது நன்றாகத் தெரிந்தது. பின்வரிசையில் யாரோ மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்தார். அது சுண்டல் இல்லை, வேர்க்கடலை இல்லை, மிட்டாய்தான் என்று செக்கர் நீதிமன்றத்தில் சத்தியம் செய்திருப்பார். பிறகு வில் நரம்பைத் தொட்டது. வயலின்காரர் முக்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவில் உட்கார்ந்து வாசித்தார்; கையை நீட்டினால் அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடலாம்.

அதற்கு அடியில், தரைக்கும் கீழேயிருந்து, ஒன்று வந்தது.

தொம். தொம். தொம்.

செக்கரின் முதுகெலும்பு நிமிர்ந்தது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. கட்டில் சட்டத்தில் சாய்ந்திருந்த முழங்கைக்குத்தான் முதலில் தெரிந்தது.

"கேக்குதா மாப்ளே?" அத்தானின் குரல் வயலினைவிட மெதுவாக இருந்தது.

செக்கர் வாயைத் திறந்தார். வருஷக்கணக்கில் பழகிப்போன வாய். காது கேட்டு முடிப்பதற்குள் அது முந்திக்கொண்டது.

"வயலின்காரர் காலு அத்தான்."

அத்தானிடமிருந்து ஒரு சின்னக் காற்று வெளியே வந்தது. சிரிப்பாகத்தான் இருக்கவேண்டும். "இரு. இன்னும் உங்க அக்கா வரல" என்றார்.

வயலின் மேலே போய்க்கொண்டிருந்தது. அடியில் தொம், தொம் மாறாமல் நடந்தது. செக்கர் பரிசோதனையைத் தொடங்கினார். தாளத்தோடு ஒட்டுகிறதா? ஒட்டவில்லை. வில் நிற்கும் இடத்தில் நிற்கிறதா? நிற்கவில்லை. கால் என்றால் தாளத்துக்குக் கட்டுப்படவேண்டும். இது யாருக்கும் கட்டுப்படாமல், தன்பாட்டுக்கு, டிக்கெட் எடுக்காத பயணி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதைப்போல் இருந்தது.

மணிக்கட்டின் மேலிருந்த கை கொஞ்சம் கனத்தது. ரசித்துக்கொண்டிருக்கிறார் என்று செக்கர் நினைத்தார்.

வயலின் முதல் தடவை கீழே இறங்கியது. எங்கோ பின்னால் ஒரு கதவு. கதவுதான், கீல் லேசாக முனகி, சாத்திக்கொண்டது. இரண்டு ஜோடிச் செருப்புகள். ஒன்று மெதுவாக, வைத்து வைத்து. இன்னொன்று அவசரமாக, யாரோடோ சண்டை போட்டுவிட்டு வந்த கோபத்தோடு, டக்டக்கென்று. அந்த நடை யாருடையது என்று செக்கருக்குத் தெரிந்தது. அதே நடையோடுதான் அவர் இன்று வரை கடைவீதிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

வயலின் இரண்டாம் தடவை இறங்கியது. இழைந்து, மெலிந்து, இதோ நின்றுவிடும் என்று தோன்றும் அளவுக்கு நிதானப்பட்டது.

அடியில் மட்டும் தொம் தொம் தொம் என்று நெருங்கி, முண்டியடித்து, புறப்பட்டுவிட்ட ரயிலைப் பிடிக்க நடைமேடையில் ஓடுகிறவனைப்போல ஓட ஆரம்பித்தது.

செக்கர் மூச்சு விடவில்லை. கண்ணைத் திறக்கவில்லை. வலது கை எங்கே இருக்கிறது என்பதே அவருக்கு மறந்துபோனது. சொல்லவேண்டியதை வாய்க்குள் சரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். அத்தான், இது காலு இல்ல. அவ்வளவுதான். மூன்றாவது இறக்கம் வரட்டும், நிறுத்திவிட்டுச் சொல்லிவிடலாம். மணிக்கட்டில் அழுத்தம் வரும், நிறுத்திவிட்டு முதல் வேலையாகச் சொல்லிவிடலாம்.

வயலின் மூன்றாம் தடவை இறங்கியது.

அழுத்தம் வரவில்லை.

முரசு வந்தது.

ஜன்னல் கண்ணாடிகள் சட்டத்தை விட்டு வெளியேற முயன்றன. மருந்துப் புட்டிகள் மேசை விளிம்புவரை நடந்துபோய்க் கீழே குதித்தன. சுவர்க் கடிகாரம் ஒரு மணி நேரத்தை விழுங்கியது. தெருவில் போய்க்கொண்டிருந்த ஆட்டோ ஓரங்கட்டி நின்றது, நாலு தெரு தள்ளிக் குழந்தைகள் விழித்துக்கொண்டன. செத்தவனும் எழுந்து உட்காரும் சத்தம். செக்கர் கண்ணைத் திறந்து அத்தானைப் பார்த்தார்.

இமை அசையவில்லை.

பட்டனைத் தேடி அழுத்துவதற்குள் இடது ஸ்பீக்கர் துணி கிழிவதுபோல் ஓர் ஓசை கொடுத்து ஓய்ந்தது. வலதும் கூடவே போயிற்று. அப்புறம் வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை.

செக்கர் தன் மணிக்கட்டை இழுத்துக்கொள்ளவில்லை. அதன் மேலிருந்த கையை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா சமையலறை வாசற்படியில் வந்து நின்றபோது அவள் இரண்டு கைகளும் இன்னும் காதின் மேலேயே இருந்தன. புருஷனைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். மெதுவாகக் கைகளை இறக்கினாள்.

"அவர் திடுக்கிட்டாரா?"

"இல்லக்கா. முரசுக்கு முன்னாடியே."

அவள் வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அத்தானின் கையைத் தம்பியின் மணிக்கட்டிலிருந்து எடுத்து, போர்வையின் மேல் வைத்து, விரல்களை நேராக்கினாள். சுண்டுவிரல் திரும்பத் திரும்ப மடங்கியது. அவளும் திரும்பத் திரும்ப நேராக்கினாள்.

வெகுநேரம் கழித்து வாசலில் மணி அடித்தது. கம்பிக் கதவு வழியாகக் கடைக்காரரின் கைவண்டி தெரிந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

"எதைத் திருப்பிக் குடுக்கறதுன்னு கேப்பாரு" என்றாள் அக்கா.

"வெள்ளியைக் குடுத்துடு."

"ஏன்?"

"அதுல கேக்காது."

அக்கா நிமிர்ந்தாள். கிழிந்துபோன ஸ்பீக்கர்களை ஒன்று மாற்றி ஒன்று பார்த்தாள். தம்பியின் முகத்தை, சிறுவயதில் அவன் எதையாவது உடைத்துவிட்டு வந்து நின்றபோது பார்த்ததுபோல், உற்றுப் பார்த்தாள்.

"எனக்காகச் சொல்ற."

"நான் யாருக்காகவும் இல்லாததைச் சொன்னவன் இல்லக்கா."

மணி மறுபடி அடித்தது. செக்கர் எழுந்து, கீழே உருண்டு கிடந்த ஒரு மருந்துப் புட்டியை எடுத்து மேசைமேல் நிறுத்தினார். அது நிற்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்.

"காலு இல்ல" என்றார். "நாம உள்ள வந்தப்ப ஓடிச்சு."